மூணு லேப்புல மூணு டிஎஸ்ஹெச், எதை நம்பி மாத்திரை போடறது?

மலைச்சாரல்88 (கோத்தகிரி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க, ஒண்ணும் புரியாமதான் இங்க வந்து கேக்கறேன். எனக்கு 33 வயசு, 6 வயசுல ஒரு பையன் இருக்கான். நவம்பர் கடைசில வைரல் காய்ச்சல் வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரில படுத்து டிரிப்ஸ் ஏத்திகிட்டு வீட்டுக்கு வந்தேன். அதுல இருந்து உடம்புல தெம்பே இல்ல, தலை சீவுனா சீப்பு முழுக்க முடி, மாடிப்படி ஏறுனா உக்காரணும் போல இருக்கும். டிசம்பர் நடுவுல எங்க ஊர் ஹட்டில ஒரு பிரைவேட் லேப்காரங்க கேம்ப் போட்டாங்க, முழு உடம்பு செக்கப், அம்பது அறுபது டெஸ்ட் ஒரே ரேட்டுல. காலைல ஏழரைக்கெல்லாம் போய் ரத்தம் குடுத்தேன். மறுநாள் வாட்ஸப்புல ரிப்போர்ட் வந்துச்சு, டிஎஸ்ஹெச் (தைராய்ட வேலை வாங்கற ஹார்மோனாம்) 7.1-னு போட்டு பக்கத்துல சிவப்புல ஹை-ன்னு இருந்துச்சு. தைராய்டு சுரக்கற டி3, டி4 ரெண்டும் நார்மல்.

பக்கத்து கிளினிக்ல காட்டுனேன், பாத்துட்டு தைராய்டு வந்துருச்சும்மா, ஆயுசுக்கும் மாத்திரை போடணும்னு சொல்லி தைராக்சின் 50 மைக்ரோகிராம் எழுதிக் குடுத்தாங்க. நானும் போட ஆரம்பிச்சேன். முடிக்கு மட்டும் மெடிக்கல்ல கேட்டு ஒரு சத்து கேப்சூல் வாங்கி அதையும் தினம் ஒண்ணு சாப்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு பொங்கலுக்கு மேட்டுப்பாளையம் அக்கா வீட்டுக்கு போயிருந்தப்ப அக்கா சும்மா இல்லாம இங்கயும் ஒருக்கா பாத்துருவோம்னு கூட்டிட்டு போனா. அங்க டிஎஸ்ஹெச் 0.09, ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்துல எதோடயும் ஒட்டாம ஓடற டி4, 2.8 (அவங்க நார்மல் 0.8ல இருந்து 1.8). அங்க இருந்த டாக்டர் இது ஹைப்பர், தைராய்டு ஓவரா வேலை செய்யுது, மாத்திரைய உடனே நிறுத்துங்க, கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கணும்னாங்க. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு, நேத்து குன்னூர்ல வேற லேப்புல மத்தியானம் மூணு மணிக்கு குடுத்தேன், 5.2.

ஏழு, சைபர், அஞ்சு. ரெண்டு மாசத்துக்குள்ள ஒரே உடம்புல இப்படி ஏறி இறங்குமா? எந்த லேப் தப்பு? இன்னொண்ணு, மலைல இருக்கறதால நமக்கெல்லாம் அயோடின் கம்மி, அதான் தைராய்டு வருதுன்னு சொல்றாங்களே, அது நிஜமா?


லேப்டெக்_குன்னூர்

சகோதரி, நான் குன்னூர்ல லேப் டெக்னீஷியன், 14 வருஷமா இதே வேலைதான். உங்க போஸ்ட்ட படிச்சிட்டு வரும்போது ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டேன். முடிக்கு ஒரு சத்து கேப்சூல்னு போற போக்குல சொல்லிட்டு போறீங்க பாருங்க, அதுதான். முதல்ல அந்த அட்டைய எடுத்து பின்னாடி பொடி எழுத்துல பாருங்க, பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருக்கா, எத்தன மில்லிகிராம்னு சொல்லுங்க. முடி, நகம்னு விக்கிற நிறைய மாத்திரைல பயோட்டின் 5 இல்ல 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு தேவையே 30 மைக்ரோகிராம்தான், அப்ப 10 மில்லிகிராம்னா முன்னூறு மடங்குக்கு மேல. உடம்புக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணாது, மிச்சம் யூரின்ல போயிரும். ஆனா எங்க மெஷின அது ஏமாத்தும்.

எப்படின்னு சொல்றேன். நிறைய மெஷின்ல டிஎஸ்ஹெச்ச புடிக்க ரெண்டு ஆன்டிபாடி (அதுல மட்டும் போய் ஒட்டிக்கிற புரதம்) இருக்கும், ஒண்ணுல வெளிச்சம் குடுக்கற பொருள் ஒட்டியிருக்கும், இன்னொண்ணுல பயோட்டின ஒரு கொக்கி மாதிரி மாட்டி வச்சிருப்பாங்க. உங்க ரத்தத்துல இருக்கற டிஎஸ்ஹெச் நடுவுல மாட்டிக்கும். அப்புறம் ஸ்ட்ரெப்டாவிடின்னு ஒண்ணு தடவுன பொடிமணி இருக்கு, பயோட்டின்னா அதுக்கு உசுரு, அந்த கொக்கிய புடிச்சு இழுத்து வச்சிக்கும். மிச்சத்த கழுவி விட்டுட்டு எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு மெஷின் அளக்கும். இப்ப உங்க ரத்தத்துலயே பயோட்டின் நிறைஞ்சு கெடந்தா என்ன ஆகும்? மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல பஸ் வந்து நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்ட போட்டு சீட்டு புடிக்கிறாங்கள்ல, அதே கததான். உங்க பயோட்டின் எல்லா சீட்டுலயும் துண்ட போட்டுரும், டிஎஸ்ஹெச்ச சுமந்துட்டு வர்ற ஆளுக்கு உக்கார இடம் இல்ல, கழுவும்போது அது வெளிய போயிரும். வெளிச்சம் கம்மி, டிஎஸ்ஹெச் கம்மின்னு ரிப்போர்ட் வரும். ஃப்ரீ டி4 அளக்கற முறை இதுக்கு தலைகீழ், அதுல வெளிச்சம் கம்மியானா டி4 ஜாஸ்தின்னு கணக்கு. அதனால ஒரே கேப்சூல் டிஎஸ்ஹெச்ச கீழயும் டி4-அ மேலயும் தள்ளி விட்டு, பாக்கறவங்களுக்கு அச்சு அசலா ஹைப்பர் தைராய்டு மாதிரியே காட்டும். அமெரிக்காவுல மருந்து கட்டுப்பாடு பாக்கற எஃப்டிஏ 2017லயே இதுக்கு எச்சரிக்கை குடுத்திருக்காங்க.

எல்லா மெஷினும் இப்படி இல்ல. சில கம்பெனி மெஷின்ல இந்த பயோட்டின் கொக்கியே கிடையாது, புதுசா வர்ற சில கிட்டுல பயோட்டின் இருந்தாலும் தாங்கும். குன்னூர்ல உங்களுக்கு 5.2 வந்தது அப்படி ஒரு மெஷினா இருக்கலாம். அதனால எந்த லேப்பையும் பொய் சொல்லுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், மேட்டுப்பாளையம் லேப்பும் அவங்க மெஷின் காட்டுனதத்தான் குடுத்திருக்காங்க. ஆனா ரத்தம் எடுக்கும்போது வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கணும், அத நாங்க யாருமே கேக்கறதில்ல, அது எங்க தொழில்ல இருக்கற குறை. நான் இப்ப ஊசி குத்தறதுக்கு முன்னாடி தைராய்டுன்னு சீட்டுல இருந்தாலே முடி மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டுட்டுதான் கைய தொடுவேன்.

அடுத்தது நேரம். டிஎஸ்ஹெச் ராத்திரி ஏறும், விடிகாலைல உச்சத்துல இருக்கும், மத்தியானம் இறங்கிரும். ஒரே ஆளுக்கு காலைல 5 தாண்டி இருக்கறது மத்தியானம் 4-க்குள்ள வந்துரலாம். நீங்க ஒண்ணு ஏழரைக்கு குடுத்திருக்கீங்க, இன்னொண்ணு மூணு மணிக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு கூடுது குறையுதுன்னு பேசவே முடியாது. இன்னும் சொன்னா குளிர் காலத்துல லேசா கூடவும் செய்யும்.

இன்னொண்ணு நிறைய பேர் கேக்கறது, சாம்பிள் கோயமுத்தூர் போறதுக்குள்ள கெட்டுப் போயிருக்குமோன்னு. கோத்தகிரில கலெக்ஷன் சென்டர் மட்டும்தான், ரத்தத்த மஞ்ச மூடி ட்யூப்ல எடுத்து அரை மணி நேரம் உறைய விட்டு மெஷின்ல சுத்தி சீரம், அதான் மேல தெளியற நீர், பிரிச்சு ஐஸ் பெட்டில கீழ அனுப்புவாங்க. மழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சா அன்னிக்கு வண்டி மறுநாள்தான் போகும். பொட்டாசியம், சுகர் எல்லாம் பிரிக்காம வச்சா சீக்கிரம் மாறிரும், ஆனா டிஎஸ்ஹெச் அப்படி இல்ல, சீரம் பிரிச்சு ஃப்ரிட்ஜ் குளிர்ல வச்சா சில நாள் தாராளமா தாங்கும். அதனால ரோடு அடைச்சதால 7 வந்துச்சுன்னு நெனைக்காதீங்க.


மலைச்சாரல்88

அண்ணா கை நடுங்குது. அட்டைய எடுத்து பாத்தேன், பயோட்டின் 10 மில்லிகிராம்னு போட்டிருக்கு. மேட்டுப்பாளையத்துல டெஸ்ட் குடுத்த அன்னிக்கு காலைலயும் ஒண்ணு சாப்பிட்டுட்டுதான் போனேன். அங்க இருந்த டாக்டர் கிட்ட 50 மாத்திரை மட்டும்தான் சொன்னேன், இது வெறும் சத்து மாத்திரைதானேன்னு சொல்லவே இல்ல. அப்ப எனக்கு ஹைப்பர் இல்லயா?


ஆரம்ப_சுகாதாரம் (பிஹெச்சி டாக்டர், பழனி மலை பக்கம்)

பயப்படாதீங்கம்மா. லேப் தம்பி சொன்னது அத்தனையும் சரி, நான் டாக்டர் பக்கத்துல இருந்து கொஞ்சம் சேத்து சொல்றேன். ஆனா இங்க நான் சொல்றத வச்சு மாத்திரைய போடவோ நிறுத்தவோ வேணாம், நேர்ல ஒருத்தர் கழுத்த தொட்டு நாடி பாத்து முடிவு பண்ணணும்.

எஸ்டேட்ல இருக்கறவங்களுக்கு நான் இப்படித்தான் சொல்லுவேன். தைராய்டு வேலை செய்யற ஆளு. மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி மேஸ்திரி. டிஎஸ்ஹெச்ங்கறது மேஸ்திரி போடற சத்தம். ஆளு மெத்தனமா வேலை செஞ்சா சத்தம் கூடும், ஆளு தேவைக்கு மேல செஞ்சா மேஸ்திரி வாயே தொறக்க மாட்டாரு. இந்த மேஸ்திரிக்கு காது ரொம்ப கூர்மை, டி4 பாதியா குறைஞ்சா டிஎஸ்ஹெச் நூறு மடங்கு வரைக்கும் ஏறும். அதனாலதான் ஆரம்பத்துல டிஎஸ்ஹெச் ஒண்ணு மட்டும் பாத்தா போதும்னு சொல்றோம். அது சரியில்லன்னா அதே ரத்தத்துல ஃப்ரீ டி4 போட சொல்றோம். கம்மியா வேலை செய்யற தைராய்டுக்கு டி3 பாக்கறது காசு தண்டம், அது ரொம்ப நாள் வரைக்கும் நார்மலாவே இருக்கலாம். ஹைப்பர் சந்தேகம்னா மட்டும்தான் டி3 வேணும். கேம்ப் பேக்கேஜ்ல மொத்த டி3, மொத்த டி4-ன்னு போட்டு குடுக்கறாங்களே, அது கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் சும்மாவே கூடிதான் காட்டும்.

இப்ப உங்க 7.1-க்கு வர்றேன். காய்ச்சல்ல படுத்து எழுந்து மூணு வாரத்துல எடுத்த டெஸ்ட் அது. பெரிய நோயில இருந்து உடம்பு தேறி வரும்போது டிஎஸ்ஹெச் தானா கொஞ்ச நாள் ஏறி நிக்கும், அப்புறம் தானா இறங்கும். அதனாலதான் அவசரம் இல்லன்னா ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போதும் வந்த உடனேயும் தைராய்டு டெஸ்ட் வேணாம்னு சொல்றது. டிஎஸ்ஹெச் 4-க்கும் 10-க்கும் நடுவுல இருந்து டி4 நார்மலா இருந்தா பொதுவா ரெண்டு மூணு மாசம் விட்டு திரும்ப ஒருக்கா பாக்கணும், கூடவே ஆன்ட்டி டிபிஓ ஒரு தடவ பாத்துட்டா போதும், அது இருந்தா நம்ம உடம்பே தைராய்ட தாக்குதுன்னு அர்த்தம், ஹஷிமோட்டோன்னு பேரு. நிறைய பேருக்கு ரெண்டாவது தடவ பாக்கும்போது நார்மல்ல வந்துரும். ஒரு நாள், ஒரு ஊசி, ஒரு நம்பர வச்சு ஆயுசுக்கும் மாத்திரைன்னு சொல்றது எனக்கு ஒப்புதல் இல்ல, அத யார் சொன்னாலும்.

மூணு வாரத்துல திரும்ப டெஸ்ட் பண்ணதும் சீக்கிரம். தைராக்சின் மாத்திரை ரத்தத்துல பாதியா குறையவே ஒரு வாரம் ஆகும், போட ஆரம்பிச்சாலும் டோஸ் மாத்துனாலும் ஆறு வாரம் போனாத்தான் டிஎஸ்ஹெச் ஒரு இடத்துல வந்து நிக்கும். ஆறுல இருந்து எட்டு வாரம், அதுக்கு முன்னாடி பாத்தா பாதி வழில பஸ்ஸ நிறுத்தி ஊர் வந்துருச்சான்னு கேக்கற மாதிரி.

உங்ககிட்ட ஒரு கேள்வி, பதில் ரொம்ப முக்கியம். அடுத்த குழந்தைக்கு ஏதும் யோசிக்கிறீங்களா?


பாக்குச்செடி (கூடலூர்)

வணக்கம், நான் ரிடையர்டு நர்சு, கூடலூர் பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகள்லயே சர்வீஸ் ஓடிருச்சு. டாக்டர் சார் மேஸ்திரி கதை சொன்னதும் எனக்கு ஒரு பொண்ணு ஞாபகம் வந்துருச்சு, அத சொல்லாம போக மனசு வரல.

கொழுந்து பறிக்கற பொண்ணு, 28 வயசு இருக்கும். ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் ஏகப்பட்டது போயி ரெண்டு யூனிட் ஏத்திதான் பொழைச்சா. குழந்தைக்கு பால் சுரக்கவே இல்ல. மாமியார்காரி பூண்டு, கருவாடு, என்னென்னமோ பொங்கிப் போட்டும் ஒரு சொட்டு வரல. அப்புறம் ஒண்ணரை வருஷமா தூரமும் ஆகல. எந்நேரமும் சுருண்டு படுத்துக்கறது, மூஞ்சி வெளிறிப் போச்சு, தோட்டத்துல பாதி பேரு பேய் புடிச்சிருச்சுன்னே சொன்னாங்க. ரெண்டு இடத்துல டிஎஸ்ஹெச் பாத்திருக்காங்க, ரெண்டுலயும் 3 சொச்சம், நார்மல், தைராய்டு இல்ல போன்னு அனுப்பிட்டாங்க. நான் கை புடிச்சு பாத்தேன், உள்ளங்கை காஞ்ச பலகை மாதிரி சொரசொரன்னு ஜில்லுன்னு இருந்துச்சு, அக்குள்ல ஒரு முடி இல்ல. அத பாத்ததும் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. அப்ப எங்களுக்கு இருந்த டாக்டரம்மா கிட்ட சொல்லி ஃப்ரீ டி4 போட வச்சோம், பாதாளத்துல கெடந்துச்சு. பிரசவத்துல ரத்தம் வடிஞ்சப்ப பிட்யூட்டரிக்கே ரத்தம் போகாம கருகிப் போயிருக்கு, ஷீஹான்னு பேரு அதுக்கு. மேஸ்திரியே படுத்துட்டாரு, அப்புறம் சத்தம் எங்க இருந்து வரும்? அந்த 3 சொச்சம் நார்மலே இல்ல, டி4 அவ்வளவு கீழ இருக்கும்போது டிஎஸ்ஹெச் எங்கயோ ஏறி இருக்கணும்.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, அந்த மாதிரி ஆளுக்கு எடுத்த எடுப்புல தைராக்சின் குடுத்துரக் கூடாது, முதல்ல கார்ட்டிசால்ங்கற ஹார்மோன பாத்து ஸ்டீராய்டு குடுத்துட்டுதான் தைராக்சின். மாத்தி செஞ்சா உசுருக்கே ஆபத்து. கோயமுத்தூர் அனுப்பி சரி பண்ணாங்க, மூணு மாசத்துல அவ கூடையோட நின்னு என்னப் பாத்து சிரிச்சா. அதனால பிரசவத்துல ரத்தம் நிறைய போயி பால் சுரக்காம போனவங்க யாராச்சும் இருந்தா, டிஎஸ்ஹெச் நார்மல்னு சொன்னாலும் விடாதீங்க, ஃப்ரீ டி4 கேளுங்க.

அப்புறம் குளிருதுங்கறது. தைராய்டு கம்மின்னா குளிரு தாங்காதுன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கும். நீலகிரில தை மாசம் பனி விழும்போது யாருக்குத்தான் குளுராது, தோலும் எல்லாருக்கும்தான் வெடிக்கும். நான் கேக்கறது வேற, வீட்ல மத்தவங்க ஸ்வெட்டர கழட்டுன பிறகும் உனக்கு மட்டும் குளுருதா, போன வருஷம் இதே மாசம் இப்படி இருந்துச்சா, குரல் தடிச்சு போச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா, வெளிய போறது இறுகிப் போச்சா, தூரம் அதிகமா படுதா. அதுக்கும் மேல எங்க பொம்பளைங்களுக்கு அசதின்னா முதல்ல பாக்க வேண்டியது ரத்தத்துல இரும்பு. ஹீமோகுளோபின் 8 வச்சிக்கிட்டு தைராய்டு பேக்கேஜுக்கு காசு கட்டுனவங்கள எத்தனையோ பேர பாத்திருக்கேன். மலைச்சாரல் கண்ணு, உனக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு?


மலைச்சாரல்88

நர்சம்மா படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு ஹீமோகுளோபின் 10.2, அதே கேம்ப் ரிப்போர்ட்ல இருந்துச்சு, யாரும் அத பத்தி பேசவே இல்ல. முதல் பிரசவம் எனக்கு சாதாரணமாதான் ஆச்சு, பாலும் இருந்துச்சு.

டாக்டர் சார், ஆமா, ரெண்டாவது குழந்தைக்கு ஒரு வருஷமா எதிர்பாத்துட்டு இருக்கோம். அத இங்க எழுத கூச்சமா இருந்துச்சு.


ஆரம்ப_சுகாதாரம் (பிஹெச்சி டாக்டர், பழனி மலை பக்கம்)

இதுல கூச்சப்பட என்னம்மா இருக்கு, இதுதான் எல்லாத்தையும் மாத்தற விஷயம். நான் மேல ரெண்டு மூணு மாசம் பொறுக்கலாம்னு சொன்னேன்ல, அது உங்களுக்கு இல்ல. கருத்தரிச்சு முதல் மூணு மாசம் குழந்தைக்கு சொந்தமா தைராய்டு வேலை செய்யாது, மூளை வளர்றதுக்கு அம்மா குடுக்கற டி4-தான். அதனால குழந்தைக்கு எதிர்பாக்கற பொண்ணுக்கு டிஎஸ்ஹெச் நிஜமாவே 4-க்கு மேல நின்னு, டிபிஓவும் இருந்தா, சின்ன டோஸ்ல மாத்திரை குடுக்கறதுதான் வழக்கம். மாத்திரை போடறவங்களுக்கு கரு தங்கறதுக்கு முன்னாடியே 2.5-க்கு கீழ கொண்டு வர பாப்போம். உண்டாயிட்டா அன்னிக்கே டாக்டர பாக்கணும், பொதுவா டோஸ்ல கால்வாசியில இருந்து 30 சதவீதம் வரைக்கும் ஏத்துவோம், பாதி கர்ப்பம் வரைக்கும் நாலு வாரத்துக்கு ஒருக்கா டெஸ்ட்.

அதனால நாளைக்கே பயோட்டின நிறுத்துங்க. ரெண்டு நாள் நிறுத்துனாலே போதும்னு சொல்லுவாங்க, நான் ஒரு வாரம் விட சொல்லுவேன். அப்புறம் காலைல எட்டு எட்டரைக்கு ஒரே லேப்புல டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4, ஆன்ட்டி டிபிஓ, கூட ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வச்ச இரும்பு எவ்வளவுன்னு காட்டறது). கழுத்து ஸ்கேன் இப்ப வேணாம், கட்டி எதும் தட்டுப்பட்டா பாத்துக்கலாம். இரும்பு மாத்திரை ஆரம்பிச்சா தைராய்டு மாத்திரைக்கும் அதுக்கும் நடுவுல நாலு மணி நேரம் விடணும், இல்லன்னா ரெண்டும் வயித்துலயே கட்டிக்கிட்டு தைராக்சின் ரத்தத்துல சேராது. கால்சியத்துக்கும் இதே கணக்கு.

அயோடின் கேட்டீங்க. மலைல மழை மண்ணுல இருக்கற அயோடின அரிச்சிட்டு போயிரும்ங்கறது உண்மைதான், இமயமலை அடிவாரத்துல கழுத்து வீங்குனவங்க ஊர் ஊரா இருந்தது அதனாலதான். 1956ல ஆரம்பிச்சு இமாச்சல்ல காங்க்ரா பள்ளத்தாக்குல டாக்டர் ராமலிங்கசுவாமி குழு உப்புல அயோடின் கலந்து குடுத்து பாத்து கழுத்து வீக்கம் குறையுதுன்னு நிரூபிச்சாங்க, அதுல இருந்துதான் 1962ல தேசிய திட்டமே வந்துச்சு. இன்னிக்கு வீட்ல வந்து சேர்ற உப்புல குறைஞ்சது 15 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 15) அயோடின் இருக்கணும்னு சட்டம். பாக்கெட்ல சிரிக்கிற சூரியன் படம் இருக்கான்னு பாருங்க, மூடி வச்ச டப்பால வைங்க, அடுப்பு பக்கத்துல தொறந்து வைக்காதீங்க. நம்ம ஊருல நிறைய வீட்ல இப்ப கல்லுப்புக்கும் பிங்க் உப்புக்கும் மாறிட்டாங்க, அயோடின் சேக்காத கல்லுப்ப மட்டுமே வருஷக்கணக்கா சாப்பிடறது நல்லதில்ல, அதுவும் குழந்தைக்கு எதிர்பாக்கற வீட்ல. ஆனா அயோடின் உப்பு சாப்பிடற பெரியவங்களுக்கு தைராய்டு குறையறதுக்கு பெரும்பாலும் காரணம் ஹஷிமோட்டோதான், அதுக்கு அயோடின் சொட்டு மருந்து கிருந்து வாங்கி குடிச்சா இன்னும் கெடலாம்.


ரெண்டாம்நம்பர்_தோட்டம் (குன்னூர் கீழ)

நல்ல திரி, சேமிச்சு வச்சிக்கிட்டேன். எங்க அம்மா 54 வயசு, தோட்டத்து வேலை, ஆறு வருஷமா தைராக்சின் போடறாங்க, டிஎஸ்ஹெச் எப்ப பாத்தாலும் 9, 11, 12-ன்னு வரும், டோஸ ஏத்திக்கிட்டே போயி 100 மைக்ரோகிராம் ஆக்கிட்டாங்க. போன வருஷம் ஒரு நாள் நான் லீவுல இருந்தப்பதான் பாத்தேன், காலைல ஆறு மணிக்கு பால் டீ கொதிக்குது, ஒரு கைல டம்ளர், ஒரு கைல மாத்திரை, டீலயே முழுங்கிட்டு ஓடறாங்க, ஏழரைக்கு மஸ்டருக்கு, அதான் வருகை எடுக்கறதுக்கு, நிக்கணும்ல. வெறும் வயித்துல போட்டு அரை மணி நேரம் முக்கா மணி நேரம் சும்மா இருக்கணும்னு சொன்னா, நாலு மணிக்கா எந்திரிக்கறதுன்னு கேக்கறாங்க, அதுவும் நியாயம்தான். மாத்திரை டப்பாவும் அடுப்பு மேல இருக்கற பலகைல, மூடியில்லாம, ஆவில ஊறிட்டு இருந்துச்சு. டாக்டர் கிட்ட கேட்டுட்டு ராத்திரிக்கு மாத்துனோம், ஏழு மணிக்கு சாப்பாடு முடிச்சா பத்து பத்தரைக்கு படுக்கும்போது தண்ணில மாத்திரை. டப்பாவ பீரோக்குள்ள வச்சாச்சு. ரெண்டு மாசத்துல 3.4. டோஸ் அதே 100தான்.

ஒரு சந்தேகம், என் பாட்டிக்கு 79 வயசு, நல்லாத்தான் நடக்கறாங்க, கேம்ப்ல 6.3 வந்துருச்சு, மாத்திரை ஆரம்பிக்க சொல்றாங்க. போடலாமா?


ஆரம்ப_சுகாதாரம் (பிஹெச்சி டாக்டர், பழனி மலை பக்கம்)

தம்பி, வயசு ஏற ஏற டிஎஸ்ஹெச் தானா கொஞ்சம் ஏறும், 79ல 6.3 பல பேருக்கு இயல்பு. 10-க்கு கீழ, டி4 நார்மல், ஆள் நடமாட்டமா இருந்தா பொதுவா மாத்திரை இல்லாம ஆறு மாசம் வருஷம்னு பாத்துட்டு வருவோம். வயசானவங்களுக்கு தைராக்சின் கொஞ்சம் கூடிப்போனா நெஞ்சு படபடப்பு, துடிப்பு தாறுமாறா ஓடறது, எலும்பு தேயறது எல்லாம் வரும். பாட்டிக்கு இதயத்துக்கு அமியோடரோன், இல்ல மனசுக்கு லித்தியம் ஏதும் ஓடுதான்னு மட்டும் பாருங்க, அந்த ரெண்டும் தைராய்ட கெடுக்கும். அம்மா விஷயத்துல நீங்க பாத்தது டாக்டர் பாக்க வேண்டியது.


லேப்டெக்_குன்னூர்

அம்மாவுக்கு ராத்திரி மாத்திரைன்னா டெஸ்ட் காலைல எத்தன மணிக்கு வேணா குடுக்கலாம். காலைல போடறவங்க மட்டும் ரத்தம் குடுத்துட்டு அப்புறம் மாத்திரை போடணும், போட்டுட்டு வந்தா சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சும்மா கூடி நிக்கும். தண்ணி குடிச்சிட்டு வரலாம், ஒரு தடவ எப்படி வந்தீங்களோ அடுத்த தடவையும் அப்படியே வாங்க.


மலைச்சாரல்88

எல்லாருக்கும் வணக்கம், 18 நாள் கழிச்சு வர்றேன். பயோட்டின் அட்டைய அன்னிக்கே தூக்கிப் போட்டேன். பத்து நாள் விட்டு காலைல எட்டு மணிக்கு குன்னூர் லேப்புலயே குடுத்தேன், ஊசி போடறதுக்கு முன்னாடி நானே ஒரு சீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடறேன், கடைசியா எப்ப காய்ச்சல் வந்துச்சுன்னு எழுதி குடுத்தேன், அந்தப் பொண்ணு அத ரிப்போர்ட் ஃபைலோட சேத்து பின் அடிச்சுச்சு. டிஎஸ்ஹெச் 6.0, ஃப்ரீ டி4 1.1, ஆன்ட்டி டிபிஓ நல்லாவே கூட இருக்கு. ஃபெரிட்டின் 9.

அப்ப எனக்கு தைராய்டு இருக்கறது நிஜம்தான், முதல்ல பாத்த டாக்டர் சொன்னதும் முழுசா தப்பில்ல. ஆனா ஹைப்பர் இல்ல, கழுத்து ஸ்கேனுக்கு எடுத்து வச்சிருந்த காசு அப்படியே இருக்கு. குன்னூர்ல ஒரு டாக்டரம்மா அரை மணி நேரம் உக்கார வச்சு எல்லாத்தையும் கேட்டாங்க, கழுத்த தடவிப் பாத்தாங்க, முழங்கால்லயும் குதிகால்லயும் ஒரு சுத்தியலால தட்டிப் பாத்தாங்க. திரும்ப 50 மைக்ரோகிராம் விடிகாலைல, இரும்பு மாத்திரை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி, ஆறு வாரத்துல மறுபடி டெஸ்ட், நடுவுல நாள் தள்ளிப் போனா அன்னிக்கே போன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. முடி உதிர்றதுக்கு அந்த இரும்பு கம்மியும் ஒரு காரணம்னு சொன்னாங்க.

அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு மாத்திரைய போட்டுட்டு திரும்ப படுத்துக்கறேன், அஞ்சேமுக்காலுக்கு எந்திரிச்சு டீ போடறேன். வீட்டுக்காரர் உப்பு டப்பாவ திருப்பிப் பாத்தாரு, சூரியன் இல்ல, கல்லுப்புதான். நேத்து சந்தைல பாக்கெட் மாத்தி வாங்கிட்டு வந்துட்டாரு.


பாக்குச்செடி (கூடலூர்)

ஃபெரிட்டின் 9ஆ, அதுவே போதும் கண்ணு படிக்கட்டுல உன்ன உக்கார வைக்க. இரும்பு மாத்திரை போட்டா வெளிய கறுப்பா போகும், பயந்துறாத. அத போடும்போது டீ கூடாது, ஒரு நெல்லிக்காய கடிச்சிக்கோ. ஆறு வாரம் கழிச்சு ரிசல்ட் வந்ததும் மறக்காம இங்க வந்து போடு.